நானே கூப்பிடுதேன்

என் தங்கை மகளுக்குக் கோலாலம்பூரில் கல்யாணம் என்று முடிவானபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. அதுவரை வடக்கே திருப்பதி, தெற்கே கன்னியாகுமரி, அவ்வளவுதான் என் உலகம். தங்கை வீட்டுக்காரர் அங்கே வேலைக்குப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு தடவைகூட நான் போய்ப் பார்த்ததில்லை. இந்தத் தடவை போகாமல் முடியாது. பெண்ணுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். மாலை போட்டு, கையைப் பிடித்து, மணமேடைக்கு அழைத்துவர வேண்டியவன் நான். அதை வேறு யாராவது செய்தால் என் தங்கை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று அதைக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, குடம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். "அண்ணாச்சிக்கு இனிமே தரையில கால் பாவாது" என்று எதிர்க்கடைக்காரர் கிண்டல் செய்தார். உண்மைதான். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்பிவிடலாம் என்பதுதான் முதலில் போட்ட திட்டம். அதை மாற்றியவர் என் சித்தப்பா.

அப்பாவின் கடைசித் தம்பி அவர். என்னைவிடப் பதிமூன்று வயதுதான் மூத்தவர். முப்பது வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் அவர் இறக்கிவிடாத நிறுத்தம் கிடையாது, திட்டாத பயணி கிடையாது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வழியில் ஆண்பிள்ளை என்று மிச்சம் இருப்பவன் நான்தான். எனக்கும் ஒரே மகள், கட்டிக்கொடுத்துவிட்டோம். ஆகவே சித்தப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் நான் என்பது ஊரறிந்த விஷயம். அவரே அதை வைத்து விளையாடுவார். நான் அவர் வீட்டுக்குள் நுழைந்தால், "ஏட்டி, எங் கொள்ளி வந்துருக்கான், காப்பி போடு" என்று சித்திக்குச் சத்தம் கொடுப்பார். சித்தி தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள்.

இரண்டு வருடமாக அவருக்கு இருதயம் சரியில்லை. கால் வீங்கும், மூச்சு முட்டும். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடப்பார். திரும்பி வந்த அன்றே உளுந்தவடை கேட்பார். அப்படி ஒரு தடவை திரும்பி வந்திருந்தபோதுதான் எங்கள் பயணத் திட்டத்தைச் சொன்னேன்.

"திங்கக்கெழமையே திரும்புதியா? கூறு இருக்கா உனக்கு? அவ்வளவு தூரம் போயி ஒரு பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு வாரதுக்கு, இங்கனயே ஏதாவது மண்டபத்துல போயி உக்காரலாம்லா" என்றார். "நாலு நாள் சேத்துப் போடு. ஊரப் பாரு. எழுது."

எழுதினேன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், ஒரு மணி நேரம் இதே வேலைதான். என் மனைவி போனில் தேடி எடுத்த இடங்களை நான் வாசிப்பேன். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வெள்ளி இறங்கி ஓய்வு, சனி பத்துமலை, ஞாயிறு கல்யாணம், திங்கள் பினாங்கு என்று வந்ததும் கண்ணைத் திறப்பார். "ஒம்பதரைக்கு எடுத்தா ரெண்டு மணிக்குப் பினாங்கா? எவன் போட்ட டைமிங் இது? நடுவுல சாப்பாட்டுக்கு நிறுத்த மாட்டானா? மூணரைன்னு போடு." பினாங்கில் மலைமேல் ஏறுகிற ரயிலின் வீடியோவை நான்கு தடவை பார்த்தார். மதுரைக்கு வடக்கே போகாத மனிதர், பார்க்காத ஊருக்கு வண்டி விட்டுக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவர் மேல் எனக்கு இருந்த பிரியம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. கடைசியில் அவர் சொல்லி நான் எழுதிய ஒரு முழுப் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் பிரிட்ஜின் மேல் வைத்தேன்.

கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது அவர் மறுபடியும் விழுந்தார். இந்தத் தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல வச்சுப் பாத்துக்குங்க, நாள் சொல்ல முடியாது" என்றார். ஆக்சிஜன் கொடுக்கிற ஒரு மிஷினோடு அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அந்த வாரமே நான் டிக்கெட் போடக் கடையநல்லூர் போனேன். வளைகுடாவுக்கு ஆட்களை அனுப்பிப் பழகிய பாய் ஒருவர் அங்கே டிராவல்ஸ் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியாம இருக்கா? இருந்தா சொல்லிருங்க, தேதி மாத்துத டிக்கெட்டாப் போட்டுருவோம்" என்றார். எத்தனை பேர் அவர் முன்னால் அழுதிருப்பார்களோ, அனுபவத்தில் கேட்டார்.

"எல்லாரும் சொகமா இருக்காவ" என்றேன். வாயால் சொன்னால் நடந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். போகாமல் இருப்பதற்கு ஒரு வழி திறந்து கிடப்பதே பிடிக்கவில்லை என்பது மறுபக்கம்.

பங்காளி வீட்டுச் சாவு என்றால் எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு. கோவிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியத்தில் நிற்கக்கூடாது. தீட்டோடு தாய்மாமன் மணமேடை ஏறுவதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் காலையில் அடுப்படிச் சுவரில் தொங்கிய காலண்டரில் கல்யாண நாளிலிருந்து பதினாறு கட்டம் பின்னால் எண்ணினேன். ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது. என் மனைவி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு இந்த வெள்ளிக்கெழமைக்குள்ள முடிஞ்சிரணும்" என்றேன். "இல்லன்னா நாம திரும்பி வாரவரைக்கும் தாங்கணும். நடுவுலதான் ஆகாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "அவிய போட்டுக் குடுத்த டைமிங்தான் பிரிட்ஜு மேல இருக்கு" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை வரை தினமும் இரண்டு வேளை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். "இன்னைக்கு எப்படி இருக்கு சித்தி?" என்று வாசலிலேயே கேட்பேன். "நேத்தைக்கு இன்னைக்குக் கொள்ளாம், ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாவ" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் வந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை கழிந்தது. சனிக்கிழமை முதல் நான் அப்படியே கட்சி மாறினேன். இளநீர் கொண்டுபோனேன், டாக்டரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், மிஷினுக்குக் கரண்டு போனால் என்ன செய்வது என்று இன்வெர்ட்டர்காரரிடம் கேட்டுவைத்தேன். "பெத்த பிள்ளைகூட இப்பிடிப் பாக்காது" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அவருக்குப் பேச்சு குறைந்தது. எங்கள் குடும்பத்துக்கு நாள் பார்த்துக் கொடுக்கிற ஜோசியரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சாதாரணமாகச் சொன்னார்: "தீட்டுங்கது காதுல விழுந்தாத்தான். தூரதேசத்துல இருக்கவனுக்குச் சேதி தெரியுத நேரத்துல இருந்துதான் கணக்கு. தெரியாதவனுக்கு ஏது தீட்டு?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறினேன். எவனாவது கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் போட்டுத் தொலைப்பான். பங்காளிகளையும் பக்கத்துக் கடைக்காரரையும் மகளையும் கூப்பிட்டு, எனக்கோ தங்கை வீட்டுக்கோ ஊர்ச்சேதி எதுவும் சொல்லக்கூடாது என்றேன். எல்லாருக்கும் காரணம் புரிந்தது. யாரும் தப்பாக நினைக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒருவர் பாராட்டவும் செய்தார்.

சித்தியிடம் கடைசியாகச் சொன்னேன். கிளம்புகிற நாள். அவள் ஒரு கரண்டியில் மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நீங்க எனக்குப் போன் போட வேண்டாம். நானே கூப்பிடுதேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எதுன்னாலுமா?"

"எதுன்னாலும். கல்யாணம் முடியட்டும். முடிஞ்சதும் நானே கூப்பிடுதேன்."

அவள் கரண்டியில் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். "சரி மக்கா. நீ கூப்பிடுத வரைக்கும் நான் கூப்பிடல" என்றாள்.

உள்ளே சித்தப்பா மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். நாங்கள் பேசியது அவருக்குக் கேட்டிருக்கும். பத்தடி தூரம்கூட இல்லை. போயிட்டு வாரேன் என்று சொன்னதும் கண்ணைத் திறந்து, மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொன்னார்: "மலை ரயில்ல... மொதப் பெட்டியில ஏறு. முன்னால... கண்ணாடி." நான் அவர் காலைப் பிடித்துவிட்டு வெளியே வந்தேன்.

சனிக்கிழமை பத்துமலையில் முருகன் சன்னதிக்கு அத்தனை படியும் ஏறினேன். சித்தப்பா பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகச் சொல்ல ஆசைதான். நாங்கள் ஊர் திரும்புகிற வரைக்கும் தாங்கட்டும் என்றுதான் வேண்டினேன்.

சித்திக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆனால் தினமும் காலையில் ஐந்தரை மணிக்கு எங்கள் இரண்டு பேர் போனுக்கும் ஒரு சாமி படம் அனுப்புவாள். சித்தப்பாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்கூட அது நின்றதில்லை. அது போன் போடுவதில் சேராது என்று நினைத்தாளோ என்னவோ, வெள்ளியும் சனியும் வந்தது. நம்முடைய ஐந்தரை மலேசியாவில் எட்டு மணி. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நான் பட்டு வேட்டியில் மண்டபத்து வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. எட்டரைக்கும் வரவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் காதில் விழவில்லையே. போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். மாலையைத் தட்டிலிருந்து எடுத்துப் பெண்ணின் கழுத்தில் போட்டேன். அவள் கை சில்லென்று இருந்தது. என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். தாலி கட்டியபோது என் தங்கை என்னைப் பார்த்து அழுதாள், நானும் அழுதேன். எதற்காக அழுகிறேன் என்று யாருக்கும் தெரியாது. இதுவரை நான் செய்ததற்கு எந்தச் சபையிலும் பதில் சொல்லுவேன். ஒரு பெண்ணின் கல்யாணம் அது.

சாப்பிட்டு முடித்ததும் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னைக்குப் படம் வரல" என்றாள். அவளும் பார்த்திருக்கிறாள். "சின்னத்தைக்கு ஒரு போன் போட்டுருங்க. அதான் தாலி கட்டியாச்சே."

"நாளைக்குப் போடலாம். இன்னும் சடங்கு இருக்குல்லா" என்றேன். இல்லை. எல்லாச் சடங்கும் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் பினாங்கு பஸ்ஸில் ஏறினோம். அன்றும் படம் வரவில்லை. கூப்பிட்டால் பயணம் அந்த நிமிஷத்தோடு முடிந்துவிடும். ஆறு மாதமாகப் போட்ட திட்டம். இன்னொரு தடவை நான் எங்கே வரப்போகிறேன்? போனவர் போனவர்தானே. இந்நேரம் எடுத்திருப்பார்கள், யாராவது ஒரு பங்காளி கொள்ளி வைத்திருப்பான், இன்றைக்குத் தெரிந்தால் என்ன, வெள்ளிக்கிழமை தெரிந்தால் என்ன. இப்படி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் பஸ்ஸைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். பினாங்கில் இறங்கும்போது மணி மூன்றரை. மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மலை ரயிலில் முதல் பெட்டியில் இடம் பிடித்தேன். முன்னால் கண்ணாடி. செங்குத்தாக ஏறியது. மேலே போய்ப் பார்த்தால் ஊர் முழுவதும் கீழே, அதற்கு அப்பால் கடல், கடலுக்கு மேல் நீண்டு கிடக்கிற பாலம். அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இது பாதி உண்மையாகிவிடும். ஒரு ஐந்து நிமிஷம் நான் எல்லாவற்றையும் மறந்து நின்றேன். திரும்பிப் பார்த்தால் மனைவி பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு போட்டோ எடுக்கவில்லை.

"நீங்க போடுதீங்களா, நான் போடட்டா?" என்றாள்.

போட்டேன். முதல் மணியிலேயே சித்தி எடுத்தாள்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா மக்கா?"

"முடிஞ்சிட்டு சித்தி."

"பிள்ள சந்தோசமா இருக்காளா?"

"இருக்கா."

"எல்லாச் சடங்கும் முடிஞ்சிட்டா? இனிமே சொல்லலாமா?"

"சொல்லுங்க" என்றேன். பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சனிக்கெழம வெளக்கு வைக்கிற நேரத்துல போயிட்டாவ. கஷ்டப்படல. நேத்து சாயந்தரந்தான் எடுத்தோம்."

"நேத்தா?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம் மக்கா. முகூர்த்தம் முடிஞ்சதும் நீ கூப்பிடுவ, கூப்பிட்டா மறுநாள் வந்துருவன்னு இருந்தோம். ஞாயித்துக்கெழம பூரா போனக் கையிலயே வச்சிருந்தேன். நானாக் கூப்பிடலாம்னா, சடங்கு எத்தன நாளு இருக்கோ, நல்ல காரியத்துக்கு நடுவுல நம்மளால ஒரு கொற வந்துரக்கூடாதுல்லா. நேத்து மத்தியானத்துக்கு மேல எல்லாரும் வச்சிருக்கக் கூடாதுன்னுட்டாவ."

"கொள்ளி?"

"ஒரு பங்காளிப் பய வாரேன்னான். நான் விடல. எம் புள்ள உசுரோட இருக்கையில இன்னொருத்தன் எதுக்கு? நானே சுடுகாட்டுக்குப் போயி வச்சேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "போன் போட முடியலியா மக்கா?" என்று கேட்டாள்.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிக்னல் கெடைக்கல சித்தி."

"அதான பாத்தேன்" என்றாள். பெரிய பாரம் இறங்கியதுபோல மூச்சுவிட்டாள். "ரெண்டு நாளா என்னமெல்லாமோ நெனச்சிட்டேன். உனக்கு ஏதும் ஆயிட்டோன்னு வேற பயம்."

ஓட்டல் அறைக்குப் போய் வேட்டி சட்டையோடு ஷவருக்கு அடியில் நின்று தலை முழுகினேன். மனைவியும் முழுகினாள். வேறு டிக்கெட் எடுத்து வியாழக்கிழமை ஊருக்கு வந்து சேர்ந்தோம். அந்த இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசியது நான்கு வார்த்தை இருக்கும்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மொட்டை போட்டுக்கொண்டு சித்தப்பா வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். அதில் வயதில் மூத்த ஒருவர், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் காத்துக் கிடந்தவர், வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டுவிட்டார்.

"கொள்ளி வைக்க வராதவனுக்கு மொட்டை எதுக்கு? தாலி கட்டி முடிஞ்ச பெறவு ரெண்டு நாளு அங்கன என்ன செஞ்சான்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளறையிலிருந்து சித்தி எழுந்து வந்தாள். பதினாறு நாளில் பாதியாக வற்றியிருந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்த வீட்டில் அதுவரை நான் கேட்டிராத சத்தத்தில் பேசினாள்.

"அவன ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லக்கூடாது. அங்கன சிக்னலே கெடையாது. ரெண்டு நாளாப் போட்டுப் போட்டுப் பாத்துருக்கான், கெடைக்கல. கெடைச்சிருந்தா எம் புள்ள பறந்து வந்துருப்பான்."

போட்டுப் போட்டுப் பார்த்தேன் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. அதை அவளாகச் சேர்த்துக்கொண்டாள். பெண்களோடு உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பின்கட்டுக்குப் போனாள்.

அந்தப் பெரியவர் முகம் கொஞ்சம் இறங்கியது. என் பக்கம் திரும்பி, "அப்பிடியாடே?" என்று கேட்டார்.

சித்தி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா" என்றேன்.